தேன்கூடு வைத்த கார்

1888 ஆகஸ்ட். ஜெர்மனியின் மான்ஹைம் நகரம். கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல் கொள்ளாமல், அவர் செய்த மூன்று சக்கர மோட்டார் வண்டியில் இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார் பெர்த்தா பென்ஸ். அம்மா வீடு ஃபோர்ட்ஸ்ஹைமில். சுமார் நூறு கிலோமீட்டர்!

எரிபொருளுக்கு வீஸ்லோக் ஊர் மருந்துக்கடை கைகொடுத்தது. தண்ணீருக்கு? கண்ணில்பட்ட சத்திரம், ஓடை என்று நிறுத்தி நிறுத்தி ஊற்ற வேண்டியதாயிற்று. அந்த வண்டியில் ரேடியேட்டரே கிடையாது. சிலிண்டரைச் சுற்றியிருக்கும் தண்ணீர் கொதித்து ஆவியாகி, போகிற போக்கில் சூட்டையும் தூக்கிக்கொண்டு போய்விடும். அடுப்பில் வைத்த பாத்திரம் மாதிரிதான். வற்றிவிட்டால் தீர்ந்தது கதை.

ஒற்றை சிலிண்டருக்கு இது போதும். சக்தி கூடக்கூட சூடும் கூடுமே? டைம்லர் கம்பெனியின் மூளையான வில்ஹெல்ம் மேபக், 1897-ல் தண்ணீருக்குள் வரிசையாகக் குழாய்களை நுழைத்து, அவற்றின் வழியே காற்றை ஓடவிட்டார். வேலை செய்தது. ஆனால், 18 லிட்டர் தண்ணீரைச் சுமக்கணும்.

1900 மார்ச்சில் நீஸ் அருகே மலைப்பாதைப் பந்தயத்தில் டைம்லர் கார் மோதி, ஓட்டிய வில்ஹெல்ம் பவுர் இறந்துபோனார். உயரமான, ஆபத்தான வண்டி என்று பேச்சு கிளம்பியது. வியாபாரி எமில் யெல்லினெக் விடவில்லை. தாழ்வான, நீளமான, இன்னும் வேகமான வண்டி வேண்டும் என்றார். வாய்ப்பேச்சு இல்லை... 36 கார்களுக்கு 5,50,000 தங்க மார்க் ஆர்டர்! ஒரு நிபந்தனை, தன் மகள் பெயரை வைக்கணும். பெயர், மெர்சிடிஸ்.

35 குதிரைசக்தி எஞ்சினை எப்படிக் குளிர வைப்பது? மேபக்கின் விடை தேன்கூடு. 6 மில்லிமீட்டர் சதுரக் குழாய்கள் 8,070! ஈயப்பற்று வைத்து ஒன்றாகச் சேர்த்தார். வட்டக் குழாய்களை அடுக்கினால் நடுவே வெற்றிடம் வீணாகும். சதுரத்தில் இடுக்கு மெல்லிசு. தண்ணீர் காகிதம் போலப் பரவிக் காற்றிடம் சூட்டைக் கொடுத்துவிடும். மெதுவாகப் போகும்போது காற்று போதாதே என்று பின்னால் ஒரு மின்விசிறி போன்ற விசிறி, ஆனால் சுழற்றுவது எஞ்சின்தான். இப்போது 9 லிட்டர் தண்ணீரே போதும். சரிபாதி!

1901 மார்ச், நீஸ் பந்தய வாரம். மெர்சிடிஸ் மற்ற கார்களை ஓரங்கட்டிவிட்டது. தாழ்ந்த உடல், நீண்ட சக்கர இடைவெளி எல்லாம் காரணம்தான். என் ஓட்டு என்னவோ அந்தத் தேன்கூட்டுக்குத்தான். சூட்டை அடக்காத 35 குதிரைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஒரு வில்லங்கம் உண்டு. எட்டாயிரம் குழாய் என்றால் அத்தனை பற்றும் நிற்கணும். எங்கோ ஓர் இடுக்கில் ஒழுகினால், அதைத் தேடிப் பிடிப்பதற்குள் மெக்கானிக்குக்குக் கொதிநிலை வந்துவிடும்.