பாலாற்று மண்ணும் மின்தடைக் கணக்கும்

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே பாலாற்றங்கரையில் போர் போட நீரோட்டம் பார்ப்பவர்கள் இரண்டு வகை. ஒருவர் கையில் தேங்காய், இன்னொருவர் கையில் மின்தடை மீட்டர். முதலாமவரது மூடநம்பிக்கை, இரண்டாமவரது விஞ்ஞானம் என்று பிரித்துவிடலாம்தான். ஆனால் மீட்டரின் பிறப்பே தண்ணீருக்காக அல்ல. கான்ராட் ஷ்லம்பெர்ஜர் 1912-இல் நார்மண்டியில் மண்ணுக்குள் மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தது கனிமத்தைத் தேடி. 1915-இல் அமெரிக்கத் தரநிர்ணய அலுவலகத்தின் பிராங்க் வென்னர், சம இடைவெளியில் அடித்த நான்கு முளைகளைக் கொண்டு மண்ணின் மின்தடைத்திறனைக் கணக்கிடும் வழியைச் சொன்னார். வெளி முளைகளில் மின்சாரம் புகும், உள் முளைகளில் மின்னழுத்தம் அளக்கப்படும். இடைவெளி கூடக்கூட ஆழம் கூடும். இந்தக் கருவி தண்ணீரை அறியாது. மண் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும்.

பாலாற்றுப் படுகையில் அது பெரிய சங்கடம். ஈரக் களிமண்ணும் மின்சாரத்தை எளிதாக விடும், உப்புநீரும் விடும். நன்னீர் ஊறிய மணல் நடுத்தரமாகத் தடுக்கும், அடியிலுள்ள கரும்பாறையோ ஆயிரக்கணக்கான ஓம்-மீட்டர் காட்டும். எண் குறைந்ததும் தண்ணீர் என்று மகிழ்ந்தவருக்குக் களிமண் கிடைத்திருக்கலாம். ஆற்றின் மேற்பகுதியில் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் ஆலைகளின் உப்பு நிலத்தடியில் இறங்கி, 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புவரை போனது. அங்கே குறைந்த எண் நல்ல செய்தியே அல்ல. ஆகவே எண்ணைப் படிக்க ஊரறிவு வேண்டும். வறண்ட மணலில் ஊற்றுக்கால் வெட்டி நீரைத் திருப்பியவர்களும், 10-ஆம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் ஏரி வாரியத்தாரும் வைத்திருந்தது அந்த அறிவைத்தான்.

உப்பால் அவ்வளவாகக் குழம்பாத அளவுகோல் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. 1980-இல் கனடாவில் டாப் என்ற ஆய்வாளரின் குழுவினர் மண்ணின் மின்காப்பு மாறிலியை ஈரத்தோடு இணைத்தார்கள்: தண்ணீருக்குச் சுமார் 80, உலர்மண்ணுக்கு 3 முதல் 5. பனிக்கட்டிக்கும் ஏறத்தாழ 3 தான். அதனால் உறைந்த ஈரமண் இந்த மாறிலியை அளக்கும் கருவிக்குக் காய்ந்த மண்ணாகவே தெரியும். காஞ்சியில் மண் உறைவதில்லை, ஆனால் கருவி மண்ணை எப்படித் தவறாகப் படிக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். தவிர, அது எட்டுவது வேர் மண்டலம் வரை. போர் போடுகிறவருக்குப் பயனில்லை.

அப்படியானால் தேங்காயும் மீட்டரும் ஒன்றுதானா? இல்லை. ஒரே இடத்தில், ஒரே பருவத்தில் இருவர் அளந்தால் மீட்டர் ஏறக்குறைய ஒரே எண்ணைத் தரும். போரிலிருந்து மேலே வரும் மணலையும் சாம்பல் களியையும் பாறைத்துகளையும் ஆழத்தோடு எழுதிவைத்தால், அடுத்த அளவீட்டைத் திருத்தலாம். தேங்காய் தவறினால் திருத்த எதுவும் இல்லை.