இந்திய உயிரியல் பூங்காக்களில் விலங்குக் காப்பாளர் பணி: ஒரு வரலாறு

உயிரியல் பூங்காவில் விலங்குகளுக்கு உணவு வைத்து, கூண்டைத் தூய்மை செய்து, அவற்றின் உடல்நிலையை நாள்தோறும் கவனிப்பவர் விலங்குக் காப்பாளர். கால்நடை மருத்துவர், உயிரியலாளர், நிர்வாக அதிகாரி எனப் பலர் பூங்காவில் பணிபுரிந்தாலும், ஒரு விலங்கை ஒவ்வொரு நாளும் அருகிருந்து பார்ப்பவர் இவரே. புலி இறைச்சியை மிச்சம் வைத்திருப்பதையும், மானின் சாணம் இளகியிருப்பதையும், குரங்கு கூட்டத்தை விட்டு ஒதுங்கி அமர்ந்திருப்பதையும் முதலில் காண்பவர் அவர். அவர் கண்டதைச் சொன்னால்தான் மருத்துவர் வருவார். இந்தியாவில் இப்பணி கூலி வேலையாகத் தொடங்கி, பயிற்சி தேவைப்படும் தொழிலாக மாற ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

தொடக்க காலம்

அரசர்கள் காலத்தில் விலங்கு பேணுதல் குடும்பத் தொழிலாக இருந்தது. யானைப் பாகர், வேட்டைச் சிவிங்கிகளைப் பழக்குவோர், பருந்து வளர்ப்போர் ஆகியோர் தந்தையிடமிருந்து மகன் கற்கும் முறையில் அறிவைக் காத்து வந்தனர். எழுத்தில் இருந்ததைவிட நினைவில் இருந்ததே மிகுதி.

பொதுமக்கள் பார்வையிடும் பூங்காக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோன்றின. சென்னையில் அரசு அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த மருத்துவர் எட்வர்ட் பால்ஃபர், அருங்காட்சியக வளாகத்தில் உயிருள்ள விலங்குகளை வைத்தபோது பார்வையாளர் கூட்டம் பெருகியதைக் கண்டார். கர்நாடக நவாபிடமிருந்த விலங்குகளையும் பெற்று 1855-இல் விலங்குக் காட்சிசாலையைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அது நகராட்சியின் பொறுப்புக்கு மாறி, இன்றைய சென்ட்ரல் ரயில் நிலையத்தை அடுத்த மக்கள் பூங்காவில் இடம்பெற்றது. நவாபின் விலங்குகள் நகரத்தின் சொத்தாயின. அவற்றைப் பேணுவோர் நகராட்சி ஊழியராயினர். ஆனால் அப்பணிக்கெனத் தனிப் படிப்போ பாடநூலோ அப்போது இருக்கவில்லை.

அலிப்பூரும் இராம பிரம்ம சன்யாலும்

இந்நிலையை மாற்றிய முதல் பெரும் முயற்சி கொல்கத்தாவில் நடந்தது. ஜெர்மானியப் பொறியாளர் கார்ல் லூயிஸ் ஷ்வென்ட்லரின் முயற்சியாலும் வங்காளத் துணைநிலை ஆளுநர் ரிச்சர்ட் டெம்பிளின் ஆதரவாலும் அலிப்பூர் விலங்குக் காட்சிசாலை 1876-இல் திறக்கப்பட்டது. அப்போது அங்கே தற்காலிக வேலையாட்களை மேற்பார்வையிடச் சேர்ந்தவர் இராம பிரம்ம சன்யால். கொல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பயின்றுகொண்டிருந்த அவர், பார்வைக் கோளாறால் படிப்பை முடிக்க இயலாமல் வெளியேறியவர். தாவரவியல் பூங்காவின் தலைவரான ஜார்ஜ் கிங் அவரை இப்பணிக்குக் கொண்டுவந்தார்.

சில ஆண்டுகளில் சன்யால் பூங்காவின் கண்காணிப்பாளர் ஆனார். அலிப்பூரில் அப்பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவரே. மருத்துவப் படிப்பு பாதியில் நின்றாலும், நோயாளியைக் கவனித்துக் குறிப்பெழுதும் பழக்கம் அவரிடம் நின்றுவிடவில்லை. ஒவ்வொரு விலங்கும் என்ன உண்டது, எப்போது நோயுற்றது, எந்த மருந்துக்குத் தேறியது, எப்போது இணைசேர்ந்து குட்டி ஈன்றது என்பவற்றை நாள்தோறும் பதிவு செய்தார்.

இப்பதிவுகளின் விளைவே 1892-இல் ஆங்கிலத்தில் வெளியான அவரது கையேடு. கீழ் வங்காளத்தில் அடைப்பில் உள்ள விலங்குகளைப் பேணும் முறைகளை அது விளக்குகிறது. நூற்றுக்கணக்கான பாலூட்டி, பறவை வகைகளுக்கு உறைவிடம், உணவு, இனப்பெருக்கம், நோய்க்கால மருத்துவம் ஆகியவை அதில் தனித்தனியே கூறப்பட்டன. இலண்டன் விலங்கியல் கழகம் அவரைத் தொடர்பு உறுப்பினராக ஏற்றது. இத்துறையில் பெரிதும் அறியப்பட்ட மற்றொரு நூலான லீ கிராண்டலின் பாலூட்டிகள் பற்றிய பெருநூல் 1964-இல்தான் நியூயார்க்கிலிருந்து வந்தது என்பதை நோக்க, சன்யாலின் நூல் எவ்வளவு முற்பட்டது என்பது விளங்கும்.

இந்நூலின் சிறப்பு அதன் பயனில் இருந்தது. அதுவரை ஒரு காப்பாளர் ஓய்வு பெற்றால் அல்லது இறந்தால், அவர் அறிந்ததும் அவருடன் போயிற்று. சன்யாலோ கூண்டருகில் கண்டறிந்ததை அடுத்தவர் படித்துக் கற்கும் பாடமாக்கினார். அவர் 1908-இல் மறைந்தார்.

ஒரு காண்டாமிருகக் கன்று கற்பித்தது

சன்யாலின் காலத்தில், 1889-இல், அலிப்பூரில் சுமத்திரா காண்டாமிருகம் ஒன்று கன்று ஈன்றது. அடைப்பிலேயே கருவுற்று, அடைப்பிலேயே பிறந்த கன்று அது. அடுத்த கன்று அமெரிக்காவின் சின்சினாட்டி பூங்காவில் 2001-இல் பிறந்தது. இடையே 112 ஆண்டுகள்!

இவ்வினத்தைக் காக்கும் நோக்குடன் 1984 முதல் 1996 வரை 40 விலங்குகள் காட்டிலிருந்து பிடிக்கப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை கன்று ஈனாமலே இறந்தன. உலர்ந்த புல் இவற்றுக்கு ஒவ்வாது, பசிய இலைதழை வேண்டும் என்பது இழப்புகளுக்குப் பின்னரே தெளிவாயிற்று. ஓர் இடத்தில் ஒருமுறை கிட்டிய வெற்றி, கைமாறி வளராவிட்டால் அடுத்த தலைமுறை மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேரிடும் என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று வேண்டியதில்லை.

வண்டலூரும் மாறிய வேலையும்

சென்னைப் பூங்காவுக்கு நகர நடுவில் இடம் போதவில்லை. எனவே வண்டலூர் காப்புக்காட்டில் சுமார் 510 எக்டேர் நிலம் ஒதுக்கப்பட்டு, அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா 1985 ஜூலை 24 அன்று முதலமைச்சர் எம்.ஜி.ஆரால் திறந்துவைக்கப்பட்டது. நிர்வாகம் வனத்துறையிடம் வந்தது.

இடம் மாறியதுடன் காப்பாளரின் வேலையும் மாறியது. கம்பிக் கூண்டில் விலங்கு எப்போதும் கண்முன் இருக்கும். அகழி சூழ்ந்த திறந்தவெளியில் அப்படியன்று. மாலையில் அதைக் குரல் கொடுத்து உள்ளறைக்கு வரவழைத்து, உணவிட்டு, எண்ணிப் பார்த்து, கதவுகளை ஒவ்வொன்றாகப் பூட்ட வேண்டும். ஒரு தாழ்ப்பாளை மறந்தால் உயிருக்கே ஆபத்து. அழைத்தால் விலங்கு வருவதற்கு, அழைப்பவரின் குரல் அதற்குப் பழகியிருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தை ஓர் ஆணையால் உண்டாக்க முடியாது.

சட்டமும் பயிற்சியும்

1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1991-இல் திருத்தப்பட்டு, 1992-இல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் அமைந்தது. பூங்காப் பணியாளர்களுக்கு இந்தியாவிலும் வெளிநாட்டிலும் பயிற்சி கிடைக்க ஒருங்கிணைப்பது சட்டமே அதற்கு வகுத்த கடமைகளுள் ஒன்று. ஆணையத்தின் ஏற்பு இல்லாமல் எந்தப் பூங்காவும் இயங்கக் கூடாது என்றானது. பெரிய பூங்காக்களுக்கு முழுநேரப் பொறுப்பாளர், கால்நடை மருத்துவர், உயிரியலாளர், கல்வி அலுவலர் ஆகியோர் வேண்டும் என்று விதிகள் கூறின. தொற்றுநோய் குறித்துப் பணியாளரைப் பரிசோதிப்பதும் விதியாயிற்று.

இதற்கு முன்பே, 1985-இல், சாலி வாக்கர் உருவாக்கிய பூங்கா நல அமைப்பு பின்னர் கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்டு, இதழ்கள் வழியாகவும் பயிற்சிகள் வழியாகவும் தெற்காசியப் பூங்காப் பணியாளரிடையே தொழிலறிவைப் பரப்பியது.

நோய்க்காலம்

காப்பாளரின் நலமும் விலங்கின் நலமும் ஒன்றே என்பதை 2021 காட்டியது. அவ்வாண்டு வண்டலூரில் சிங்கங்கள் கொரோனா தொற்றுக்கு உள்ளாயின. ஜூன் 3 அன்று நீலா என்ற பெண் சிங்கம் இறந்தது. அதே மாதத்தில் ஓர் ஆண் சிங்கமும் இறந்தது. பார்வையாளர்களுக்குப் பூங்காவை மூடிவிடலாம். காப்பாளரை வீட்டுக்கு அனுப்ப முடியாது. முகக்கவசமும் பாதுகாப்பு உடையும் அணிந்து அவர்கள் பணியைத் தொடர வேண்டியிருந்தது.

தொடரும் சிக்கல்

இன்றும் தீராத முரண் ஒன்று உண்டு. பூங்காவின் தலைமை அதிகாரிகள் சில ஆண்டுகளில் இடமாற்றத்தில் செல்வர். காப்பாளரோ ஒரே பூங்காவில் முப்பது ஆண்டுகள் இருப்பதுண்டு. நிறுவனத்தின் நினைவு அவரிடமே தங்குகிறது. அவ்வாறிருந்தும் பல பூங்காக்களில் இவ்வேலைக்குத் தினக்கூலிக்கும் ஒப்பந்தத்துக்கும் ஆள் எடுக்கப்படுகிறது. நாளை வேலை உண்டா என அறியாதவர் ஒரு யானையின் குணத்தைப் பத்தாண்டு கற்க எப்படி முன்வருவார்?

விதிகள் பதவிகளை உருவாக்கிவிட்டன. மூத்த காப்பாளர் அறிந்ததைக் கேட்டு எழுதுவதும், இளையவரை அவருடன் போதிய காலம் பணியில் சேர்த்து வைப்பதும், அப்பணிக்கு உறுதியான ஊதியம் தருவதும் ஒவ்வொரு பூங்காவும் செய்ய வேண்டியவை. அலிப்பூரில் அந்த வேலையின் முதற்படி ஒரு நாட்குறிப்பேட்டில் தொடங்கியது.