சுவரில் ஒரு குடும்பம்

திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கைலாசக் குடும்பம் தொங்கியது. சிவகாசி அச்சு. அப்பா, அம்மா, மடியில் பிள்ளையார், ஒட்டி நிற்கும் முருகன். அடியில் ஒரு பூட்டுக்கடையின் பெயர். தேதித்தாள் முடிந்ததும் அம்மா படத்தை மட்டும் சட்டம் போட்டுவிட்டாள். பக்கத்திலேயே கோவணமும் தண்டுமாகப் பழனி ஆண்டி. இந்த இரண்டு படங்களுக்கும் நடுவில் ஒரு சண்டை நடந்திருக்கிறது. அது மட்டும் எங்கள் சுவருக்கு வரவேயில்லை. அதைப் பார்க்க 1965-இல் 'திருவிளையாடல்' சினிமாவுக்குப் போக வேண்டியிருந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அச்சுப்படங்களின் நகல்களைப் பின்னாளில் புரட்டியபோது அந்தச் சண்டை அங்கே அகப்பட்டது. கிரோஸ் 1777-இல் வரைந்த 'தகப்பனின் சாபம்'. மகன் பட்டாளத்தில் சேரப் புறப்படுகிறான். ஆள் பிடிக்க வந்தவன் கதவோரம் காத்திருக்கிறான். கிழவர் இரு கைகளையும் நீட்டிச் சபிக்கிறார். மறு வருஷத்துப் படத்தில் மகன் ஊன்றுகோலோடு திரும்பி வருகிறான். தகப்பன் செத்துக் கிடக்கிறான். கையார் என்பவர் இரண்டையும் செப்புத்தகட்டில் செதுக்கினார். 1765-இலேயே, வெறும் கோட்டோவியங்களாக இருந்தபோதே, திதெரோ இவற்றைப் பற்றி எழுதிவிட்டார். எனக்கு இந்தக் கைநீட்டல்கள் ஸ்பெஷல் நாடக மேடையைத்தான் ஞாபகப்படுத்துகின்றன. (நம் காலண்டர் சாமிகளை வரைந்த கொண்டைய ராஜுவும் நாடகத் திரைச்சீலை எழுதியவர்தானே.)

ஷார்தான் வேறு ஜாதி. 1740-இல் அவர் வரைந்த 'சாப்பாட்டு ஜெபம்': ஒரு தாய், இரண்டு குழந்தைகள், மேஜை. அவ்வளவுதான். யாரும் யாருக்கும் எதையும் போதிக்கவில்லை. 1744-இல் அதை அச்சுக்குச் செதுக்கிய லெப்பிஸியே சும்மா இருக்கமாட்டாமல் அடியில் செய்யுள் சேர்த்தார்: அக்கா தம்பியைப் பார்த்துச் சிரிக்கிறாளாம், தம்பி பசியில் ஜெபத்தை அவசரமாக முடிக்கிறானாம். சித்திரத்தின் மௌனம் அச்சுக்காரருக்கு ஆகவில்லை. வாங்கி மாட்டுகிறவனுக்கு அர்த்தமும் சேர்த்தே விற்கவேண்டும் போலும்.

கிரோஸின் படங்கள் தகப்பன் கட்சி. பழனிக் கதை அப்படி இல்லை. கோபித்துப் போன பையனைத் தேடிக்கொண்டு பெற்றவர்கள் வருகிறார்கள், 'பழம் நீ' என்று சொல்லிப் பார்க்கிறார்கள். அவன் இறங்கி வரவில்லை. அதற்காக அவனுக்குத் தண்டனை ஏதும் கிடையாது, ஊர்தான் மலையேறுகிறது.

என் அண்ணன் 1978-இல் வீட்டை விட்டுப் போனான். காரணம் பழத்தைவிடச் சின்னது. அப்பா தேடிப் போகவில்லை. தைப்பூசத்துக்கு மேற்கே நடக்கிற கூட்டம் எங்கள் தெருவைக் கடக்கும்போது மட்டும் திண்ணைக்கு வந்து உட்கார்ந்துகொள்வார், கடைசி ஆள் போகும்வரை. காவடிகளை அவர் பார்த்ததாகத் தெரியவில்லை. முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.