டாரட் சீட்டும் கணக்கேடும்

எகிப்தியரின் பட எழுத்துகளைப் படிக்கும் வழியை ஷாம்போலியோன் 1822 இல்தான் கண்டறிந்தார். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, அவ்வெழுத்தில் ஒரு வரியையும் எவரும் படித்தறிய இயலாதிருந்த காலத்தில், டாரட் சீட்டுகள் எகிப்தியப் பூசாரிகள் மறைத்து வைத்த ஞானநூல் என்று ஒருவர் எழுதிவிட்டார். கூர் தெ ஜெபெலின் என்னும் பிரெஞ்சு அறிஞரே அவர். பாரிசில் ஓரிடத்தில் அச்சீட்டுகளை வைத்து விளையாடியதைக் கண்டதாகவும், கால் மணி நேரத்தில் அவற்றின் பொருள் தமக்கு விளங்கியதாகவும் 1781 இல் வெளியிட்ட தம் பெருநூலின் எட்டாம் தொகுதியில் அவரே கூறுகின்றார். அந்தக் கால் மணி நேரத்தின் விளைவை வரலாற்றாய்வாளர் இருநூறு ஆண்டுகளாகக் களைந்து வருகின்றனர்.

டாரட் கட்டில் 78 சீட்டுகள் உண்டு. கிண்ணம், வாள், நாணயம், கோல் என நான்கு இனங்களில் 56. எஞ்சிய 22 பேரரசன், காதல், மரணம், ஞாயிறு, உலகம் போன்ற உருவங்கள் தீட்டியவை. இன்று குறி சொல்லும் கருவியாகவே இது பலருக்கும் அறிமுகம். ஆனால் இதன் தோற்றத்தை ஆராயப் புகுவோர்க்குக் குறிநூல்கள் உதவா. அவற்றுள் பெரும்பாலானவை ஜெபெலினின் கூற்றை வழிவழியாகப் படியெடுத்தவை. பத்து நூல்கள் ஒன்றையே சொல்வதால் அது பத்துச் சான்றாகிவிடாது.

உண்மையான சான்றுகள், டாரட்டைப் பற்றி எழுதவேண்டும் என்ற எண்ணமே இல்லாதோர் விட்டுச் சென்றவை. இத்தாலியில் ஃபெராரா நகர அரசவையின் கணக்கேட்டில், 1442 பிப்ரவரியில், சக்ரமோரோ என்னும் ஓவியருக்கு ஊதியம் அளித்த குறிப்பு உள்ளது. நான்கு கட்டு ‘வெற்றிச் சீட்டு’களில் கிண்ணம், வாள், நாணயம், கோல் ஆகியவற்றையும் உருவங்கள் அனைத்தையும் தீட்டியதற்கான கூலி அது. டாரட்டின் பழம்பெயர் அதுவே. ‘தரோக்கி’ என்னும் பெயர் 16 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் ஏடுகளில் தலைகாட்டுகின்றது. நெடுங்காலம் இக்கணக்கே மிகப் பழைய சான்றாகக் கொள்ளப்பட்டது. ஜூஸ்தோ ஜூஸ்தி என்பாரின் நாட்குறிப்பு 2012 அளவில் சீட்டு வரலாற்றாய்வாளரின் கவனத்துக்கு வந்தபின் அந்நிலை மாறிற்று. 1440 செப்டம்பர் 16 அன்று, ஃபிளாரன்சில் நாலரை தூக்கத்துப் பொன் கொடுத்துச் செய்வித்த ஒரு கட்டினை மலதெஸ்தா என்னும் பிரபுவுக்கு அன்பளிப்பாகத் தந்ததாக அவர் குறித்துள்ளார். கணக்கும் நாட்குறிப்பும் கூலியையும் விலையையும் சொல்கின்றன. மறைஞானம் பற்றி அவற்றில் ஒரு சொல்லும் இல்லை.

பகைவர் தரும் சான்றும் உண்டு. சூதாட்டத்தைக் கடிந்து ஒரு துறவி ஆற்றிய இலத்தீன் சொற்பொழிவு, 15 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியதாகக் கருதப்படும் சுவடியொன்றில் கிடைத்து, 1900 இல் பதிப்பிக்கப்பட்டது. ஆட்டத்தை ஒழிக்க விரும்பிய அவர், 22 உருவங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பெயர் சுட்டி வைதார். அவற்றின் பழைய வரிசையை நாம் அறிய அந்த வசையே துணையாகின்றது!

இனி, சான்று உண்மையாக இருந்தும் முடிபு பிழையாவதைக் காணலாம். பிரெஞ்சு மன்னர் ஆறாம் சார்லசின் 1392 ஆம் ஆண்டுக் கணக்கில், கிரங்கோனூர் என்னும் ஓவியருக்கு மூன்று சீட்டுக் கட்டுகளுக்காகப் பணம் தந்த செய்தி உள்ளது. பாரிசின் தேசிய நூலகத்தில் பொன்வேலைப்பாடு மிக்க 17 பழஞ்சீட்டுகள் உள்ளன. கணக்கும் மெய், சீட்டும் மெய். இரண்டையும் பிற்காலத்தார் முடிச்சிட்டு, டாரட் 1392 இல் பிரான்சில் பிறந்தது என்றனர். கணக்கு சொல்வது வெறும் சீட்டுகளையே. நூலகச் சீட்டுகளோ 15 ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கைவண்ணம். இருந்தும் ‘சார்லஸ் சீட்டுகள்’ என்னும் பெயர் இன்றளவும் ஒட்டிக்கொண்டுள்ளது.

துணைநூல்களுள் 1980 இல் மைக்கேல் டம்மட் எழுதிய நூலே முதலில் வைத்து எண்ணத்தக்கது. ஆக்ஸ்ஃபோர்டில் அளவையியல் பேராசிரியராக இருந்த அவர், டாரட்டை ஓர் ஆட்டமாகவே கொண்டு, நாடுதோறும் வழங்கிய விதிகளை ஒப்பிட்டு அதன் பரவலை நிறுவினார். படிக்கக் கடினமான நூல். ஆயினும் அதனைத் தவிர்த்துச் செல்லலாகாது. நியூயார்க் பொது நூலகத்தில் பணியாற்றிய ஜெர்ட்ரூட் மோக்லி 1966 இலேயே, இவ்வுருவங்களை இத்தாலியத் திருவிழா ஊர்வலங்களோடு இணைத்துக் காட்டினார். ஸ்டூவர்ட் காப்லன் 1978 முதல் வெளியிட்ட நான்கு தொகுதிகள் படங்களுக்குக் களஞ்சியம். அவற்றின் கால வரையறைகளை மட்டும் பிற நூல்களோடு சரிபார்த்தல் நன்று. ஜூஸ்தியின் குறிப்பு வெளிப்படுமுன் எழுதப்பட்டமையால் இம்மூவர் நூல்களிலும் அது இடம்பெறவில்லை.

சீட்டுகளே தலையாய சான்று என்பார்க்கும் எச்சரிக்கை தேவை. மிலான் ஆட்சியாளரான விஸ்கோந்தி, ஸ்ஃபோர்சா குடும்பத்தாரின் புகழ்பெற்ற கட்டில் இன்று 74 சீட்டுகளே எஞ்சியுள்ளன: 35 நியூயார்க்கின் மோர்கன் நூலகத்திலும், 26 பெர்காமோ நகரின் கராரா காட்சியகத்திலும், 13 தனியார் ஒருவர் குடும்பத்திலும் உள்ளன. சாத்தான், கோபுரம், வாள் மூன்று, நாணயக் குதிரைவீரன் ஆகிய நான்கும் கிடைக்கவில்லை. கடைகளில் விற்கும் அச்சுப்படிகளில் இந்நான்கும் இக்கால ஓவியரால் தீட்டி நிரப்பப்பட்டுள்ளன. அவற்றிலுள்ள சாத்தானின் கொம்பையும் சிறகையும் 15 ஆம் நூற்றாண்டு மிலானியச் சமயச் சிந்தனைக்கு எடுத்துக்காட்டாக்குமுன், பெட்டியின் பின்புறக் குறிப்பை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.