நிலக்கீழ்க் காற்றும் உழைப்பு நேரமும்

அளவை அலகுகள் ஆய்வுகூடத்திலே பிறந்து சமூகத்துக்கு அருளப்படுபவை, அவற்றுக்கு வர்க்கச் சார்பில்லை என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. நிலத்தின்கீழ்த் தொழில் செய்வோர் சுவாசிக்கும் இரேடன் வாயுவை அளக்க ஏற்பட்ட அலகின் வரலாறு அவ்வெண்ணத்தை மீள நோக்குமாறு நம்மைத் தூண்டுகின்றது.

பாறையிலுள்ள யுரேனியம் படிப்படியாகச் சிதைவுறுகையில் தோன்றும் இரேடனுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அது பிறப்பிக்கும் திண்மத் துகள்களே சுவாசப்பையிற் படிந்து பெருந்தீங்கு செய்வன. வாயு அறியப்படுமுன்னரே விளைவு அறியப்பட்டிருந்தது. கார்ப்பேதிய மலைச் சுரங்கப் பகுதிகளில், ஏழு கணவரை ஒருவர்பின் ஒருவராக மணந்து இழந்த பெண்கள் உண்டென்று 1556 இல் வெளிவந்த அகிரிக்கோலாவின் நூல் குறிப்பிடுகின்றது. ஜேர்மனியின் ஷ்னீபேர்க் சுரங்கத் தொழிலாளரைக் கொன்ற ‘மலைநோய்’ சுவாசப்பையிலெழும் கொடிய கட்டியே என்று 1879 இல் ஹேர்ட்டிங், ஹெஸ்ஸே என்னும் மருத்துவர் எடுத்துக்காட்டினர்.

எனினும், நோயை அறிதல் வேறு, தொழிலாளிக்கு அறிவித்தல் வேறு. அணுகுண்டு உற்பத்திக்காகக் கொலராடோ மேட்டுநிலத்து யுரேனியச் சுரங்கங்களில் நவாஹோ மக்கள் உட்படப் பலர் இறக்கப்பட்டனர். அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவை 1950 இலேயே அவர்களை ஆராயத் தொடங்கிற்று. ஆபத்தை அவர்களுக்குச் சொல்வதில்லை என்பதோ சுரங்கங்களுள் நுழைவதற்கு அது கொடுத்த விலை. நட்டஈட்டுச் சட்டம் வந்தது 1990 இல்.

‘தொழில் மட்டம்’ என்னும் அலகு அந்தச் சுரங்கங்களிலேதான் உருவாயிற்று. ஒரு தொழில் மட்டமுடைய காற்றை 170 மணிநேரம் சுவாசித்தால் அது ‘ஒரு தொழில் மட்ட மாதம்’. ஏன் 170? ஒருவன் ஒரு மாதத்தில் விற்கும் உழைப்பு நேரம் ஏறத்தாழ அதுவே. பௌதிகவியல் அலகொன்றினுள்ளே கூலியுழைப்பின் மாதம் குடியிருப்பதை நமது விஞ்ஞானப் பாடநூல்கள் சொல்வதில்லை.

சுற்றுலாக் குகைகளில் இவ்வலகின் பொருள் இன்னுந் தெளிவாகின்றது. 1970களில் அமெரிக்கத் தேசியப் பூங்காச் சேவை காள்ஸ்பாட் முதலிய குகைகளின் காற்றை அளந்தது. ஸ்லொவேனியாவின் போஸ்தொய்னாக் குகையிலும் நெடுங்கால அளவீடுகள் நடந்துள்ளன. அங்கு கோடையிலே காற்றோட்டம் தளர, இரேடன் மிகுகின்றது. பயணிகள் திரள்வதும் கோடையிலேதான். பயணிக்கு அது ஒரு மணிநேர இன்பம். வழிகாட்டிக்கோ அதே காற்று ஆண்டு முழுவதும். சுரங்கத்திற் செய்வதுபோல விசிறிகொண்டு காற்றை மாற்றினாற் சுண்ணக்கற்றூண்கள் உலர்ந்து கெடுமென்பதால், வழிகாட்டி உள்ளே செலவிடும் நேரத்தைக் குறைப்பதே எஞ்சிய வழியாகின்றது. கல்லைக் காக்கும் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் நடைக்கணக்கிற் கூலி பெறுபவனுக்கு நேரக் குறைப்பு என்பது கூலிக் குறைப்பே. ஐரோப்பிய ஒன்றியம் 2013 இல் விதித்த உச்ச உசாத்துணை மட்டமாகிய கனமீற்றருக்கு 300 பெக்கரல் என்பதிலே இந்தக் கணக்குக்கு இடமில்லை.

இவ்வரலாற்றில் நமது நாட்டுக்கும் பங்குண்டு. கலை விமரிசகராகவே நாம் அறிந்த ஆனந்த குமாரசுவாமி, இலங்கைக் கனிப்பொருளாய்வுப் பணிப்பாளராயிருந்த காலத்தில், 1904 இல், தோரியனைற்று என்னும் கனிப்பொருளை இனங்கண்டார். இலங்கையிலிருந்து சென்ற அக்கனிப்பொருளிலிருந்தே லண்டனில் ஒட்டோ ஹான் இரேடியோதோரியத்தைக் கண்டறிந்தார். அதனை அகழ்ந்தோரின் சுவாசப்பையைப் பற்றி விஞ்ஞான வரலாறு பேசுவதில்லை. புல்மோட்டைக் கனிய மணலிலுள்ள மொனசைற்றும் தோரியம் தாங்கியதே. தம்பிலுவிலுக்கு அணித்தான திருக்கோயிற் கரையின் கரிய மணலை அறிந்த வாசகருக்கு இது தொலைதூரச் செய்தியன்று.

தோரியத்திலிருந்து தோன்றும் தோரன், இரேடனின் மற்றொரு சமதானி. இரேடனின் அரைவாழ்வு 3.8 நாட்கள், தோரனுடையது 56 செக்கன் மாத்திரமே. ஆதலால் அது பிறந்த சுவரையும் தரையையும் விட்டு நெடுந்தூரம் செல்வதில்லை. நடைபாதையின் நடுவே தொங்கவிடப்பட்ட கருவி பயணியின் காற்றை அளக்கும்; சுவரோரத்து இருக்கையிலே நாள் முழுதும் அமர்ந்திருக்கும் காவலாளியின் காற்றை அளக்கக் கருவி அவன் மூக்கருகே இருத்தல் வேண்டும்.