காரில் ஏறிய தீயணைப்பான்

தொடக்ககாலக் கார்கள் தீப்பிடிக்க வாகாகவே அமைந்திருந்தன. உடற்கூட்டில் பெரும்பகுதி மரம். பெட்ரோல் குழாய் கசியும்; கார்புரேட்டர் வழியே சுடர் திருப்பி அடிக்கும். முகப்பு விளக்கில் எரிந்ததும் பல வண்டிகளில் அசிட்டிலின் வாயுதான். அந்நாளில் கட்டடங்களில் மாட்டியிருந்த சோடா-அமிலத் தீயணைப்பான் பீய்ச்சியது தண்ணீரை. பெட்ரோலோ தண்ணீரில் மிதந்து தீயைப் பரப்பும்.

இந்தக் குறையைத் தீர்த்தது அமெரிக்காவின் பைரீன் நிறுவனம். கார்பன் டெட்ராகுளோரைடு கொண்டு தீயணைக்கும் முறைக்கு 1910-இல் காப்புரிமை கோரிய அது, அதற்கான சிறிய கைக்கருவிக்கு 1911-இல் காப்புரிமை பெற்றது. அரை லிட்டரோ ஒரு லிட்டரோ கொள்ளும் பித்தளை உருளை, உள்ளேயே கைப்பம்பு. பிடியைத் திருகி இழுத்துத் தள்ளினால் திரவம் பாய்ந்து, சூட்டில் ஆவியாகித் தீயை அடக்கும். அது மின்சாரத்தைக் கடத்தாது. குளிர்நாட்டுப் பனியிலும் எளிதில் உறையாது. டாஷ்போர்டிலும் கதவடிப் படியிலும் பளபளத்த அந்த உருளை, கார்க்காரரின் பெருமைக்கும் ஓர் அணிகலனாயிற்று.

ஆனால் தீயின் வெப்பத்தில் அதே திரவத்திலிருந்து பாஸ்ஜீன் உண்டாகும். முதல் உலகப் போரில் படைவீரர்களைக் கொன்ற நச்சு வாயு அது. திரவத்தின் ஆவியும் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். மூடிய காருக்குள் வைத்திருக்க இதைவிடப் பொருந்தாத பொருள் அரிது. அப்படியிருந்தும் அது பரவலாகக் கைவிடப்பட்டது 1950-களில்தான். பழம்பொருளாக இன்று கைமாறும் சில உருளைகளில் திரவம் இன்னும் மிச்சமிருக்கிறது.

பிறகு வந்த ஹாலான் 1211 என்ற தீயணைப்பு வாயு, 1970-களில் பிரிட்டனின் கார்களில் இடம்பிடித்தது. கறை வைக்காமல் விரைந்து அணைக்கும். அது ஓசோன் படலத்தை அரிப்பது தெரிந்ததும், 1987-இன் மாண்ட்ரியல் உடன்படிக்கை வழியாகக் கட்டுப்பாடு வந்தது. 1994 தொடக்கத்தில் வளர்ந்த நாடுகள் உற்பத்தியை நிறுத்தின.

மிஞ்சியது உலர் பொடி. அம்மோனியம் பாஸ்பேட் கலந்த பொடி துணி, பெட்ரோல், மின்கம்பி என எல்லாத் தீக்கும் உதவும். எஞ்சின் உலோகத்தை அரிக்கும் படிவையும் விட்டுச்செல்லும். ஒரு கிலோ பொடி சில விநாடிகளில் தீர்ந்துவிடுவதால், தொடக்கத் தீக்கு மட்டுமே அது ஈடுகொடுக்கும்.

காரில் தீயணைப்பான் வைத்திருப்பது குறித்து ஐரோப்பாவிலேயே சட்டங்கள் ஒத்துப்போவதில்லை. போலந்து, பெல்ஜியம், கிரீஸ் ஆகியவை சொந்தக் காரிலும் தீயணைப்பானைக் கட்டாயமாக்கியுள்ளன. ஜெர்மனியில் அந்தக் கட்டாயம் பேருந்துகளுக்கு உண்டு, சொந்தக் கார்களுக்கு இல்லை.