கூரைக்குக் கீழே இருப்பவரின் கை

கோப்பிச் செடியை அழித்த இலைநோய் இலங்கையில் முதன்முதலாகத் தென்பட்டது 1869இல், பதுளை மாவட்டத்து மடுல்சீமையில். அதன் பிறகு ஊவா மலைகளில் கோப்பி மறைந்து தேயிலை ஏறியது. பயிரோடு குடியிருப்பின் பொருளும் மாறிப்போனதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, வேலை முடிந்ததும் தமிழகத்து ஊருக்குத் திரும்பிய கூட்டம் தங்கிப்போகப் போட்டவை லயன்கள். தேயிலைக்கு வருடம் முழுக்க ஆள் வேண்டும். வந்தவர்கள் குடும்பத்தோடு நிலைத்தார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, முன்னால் ஒடுங்கிய இஸ்தோப்பு, முதுகோடு முதுகு ஒட்டிய இன்னொரு வரிசை, மேலே தகரம் என்று, சில மாதத் தங்கலுக்குப் போட்ட அமைப்பே தலைமுறைகளின் வீடாயிற்று.

தகரம் ஆணி அடித்த இடத்தில்தான் முதலில் துருப்பிடிக்கும். ஆணியைச் சுற்றி ஒரு செம்பழுப்பு வட்டம் விழும். அது விரிந்து பொத்தலாகும். அடுத்த மழைக்கு அதன் நேர்கீழே ஒரு சட்டி வைக்க வேண்டிவரும். காற்றுக்குத் தூக்காமலிருக்க மேலே கல்லை ஏற்றினால், கல்லின் ஈரத்தில் இன்னோர் இடம் அரிக்கும். இதை மாற்ற ஏணியும் ஒரு முழுத் தகரமும் அரைநாளும் போதும். ஆனால் வீடு தோட்டத்தினுடையது. வேலை போனால் வீடும் போகும். ஆகவே சேதி கணக்கப்பிள்ளை வழியாகத் துரைக்குப் போய், அங்கிருந்து உத்தரவு வர வேண்டும். 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பனிகளின் கைக்குப் போனது. கூரையைக் கையில் வைத்திருந்தவர் இப்படி மாறிக்கொண்டேயிருக்க, அதற்குக் கீழே படுத்திருந்தவர் ஒருமுறையும் சொந்தக்காரர் ஆகவில்லை.

உயிர் காக்கும் ஒன்றின் பழுதை யார் பார்ப்பது என்பதில் கடலடியில் மூழ்குவோரிடையேயும் ஒரு வாதம் உண்டு. 1943இல் கூஸ்தோவும் கான்யானும் உருவாக்கிய மூச்சுக் கருவியின் வழியில் வந்தவற்றை, மூழ்குபவரே கழற்றிச் சுத்தம் செய்து பூட்டலாமா, பயிற்சி பெற்ற பணியாளரிடம்தான் கொடுக்க வேண்டுமா என்பது அது. இரு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மூழ்குபவருக்கு ஒரு வசதி உண்டு. கருவி அவருடையது; கரையிலேயே வாயில் வைத்து இழுத்துப் பார்க்கலாம்; சந்தேகமென்றால் அன்று கடலுக்குப் போகாமல் இருக்கலாம். லயத்துக்காரருக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. உயிர் எதை நம்பி நிற்கிறதோ அதைச் சோதிக்கவும் பழுதுபார்க்கவும் அவருக்குத்தான் முதல் உரிமை இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

தெரியாதவர் கைவைத்தால் ஆபத்து கூடும் என்பார்கள். உண்மைதான். குசினியை நீட்ட மண்திட்டை வெட்டினால் சுவர் சரியும். கானை மறித்துக் கட்டினால் தண்ணீர் திசைமாறும். ஆனால் இங்கே யாரைத் தெரியாதவர் என்கிறோம்? கான்வெட்டு இவர்களுடைய தொழில். சரிவின் குறுக்கே வாட்டம் பிடித்து, மண் அடித்துப்போகாமல் தண்ணீரை இறக்கிவிடும் வேலையைத் தேயிலை மலை முழுக்கச் செய்தவை இவர்கள் கைகள். தேயிலைக்குப் பயன்பட்ட அந்த அறிவைத் தங்கள் வீட்டின் பின்புறத்துக்கு அவர்களாகத் தீர்மானித்துப் பயன்படுத்த இடமில்லாமல் போனதுதான் குறை. பொறுப்பெடுக்கத் தெரியாதவர்கள் என்ற பேச்சும் நிற்காது. 1940இல் பதுளையை அடுத்த வேவெஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் தங்களுக்குள் ஒரு தொழிலாளர் சபையைத் தெரிவுசெய்து, நிர்வாகத்தை அதனோடு பேச வைத்தார்கள்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. பழுதுபார்ப்பைக் குடியிருப்பவரிடம் விட்டால் கம்பனி செலவிலிருந்து நழுவிவிடும் என்பது. அந்த அச்சம் நியாயமானது. நான் கேட்பது சுமையை மாற்றுவதற்காக அல்ல. தகரமும் சீமெந்தும் வீட்டை வைத்திருப்பவர் தர வேண்டும். எப்போது, எதை மாற்றுவது என்று சொல்லும் அதிகாரம் உள்ளே இருப்பவரிடம் இருக்க வேண்டும்.

அந்த அதிகாரம் இல்லாததன் விலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் தெரிந்தது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை இறங்கி லயன்களை மூடியது. மலையின் உள்ளே நீர் எவ்வளவு ஊறியிருக்கிறது என்பதை வெறுங்கண்ணால் எந்தக் குடும்பமும் அளக்க முடியாது; அதற்கு நிபுணர் வேண்டும், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் நிபுணர் சொன்ன பிறகும், போய்க் குடியேறத் தனக்கென்று ஒரு துண்டு நிலம் இல்லாதவர் அந்தச் சொல்லை வைத்து என்ன செய்வார்?

அதே நிறுவனத்தின் மழைமானியை எடுத்துக்கொள்வோம். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் தயார்நிலை, 150 என்றால் வெளியேற்றம். கோடு போட்ட ஒரு குழாயைப் பார்த்து வாசிக்கத் தெரிந்தால் போதும். நிபுணரின் கணக்கு குடியிருப்பவரின் கைக்கு வந்துசேரும் வழி இது. மீரியபெத்தையில் தப்பியவர்கள் மகல்தெனிய தேயிலை ஸ்டோரில் ஒதுங்கியிருந்து, 2016இல்தான் புது வீட்டுக்குப் போனார்கள். ஊவாவில் இன்னும் லயத்தில் இருப்பவர்களுக்கு அந்தக் குழாயோடு ஒரு துண்டு நிலத்தின் உறுதிப்பத்திரமும் சேர்ந்து வர வேண்டும். அப்போதுதான் 150ஐத் தொட்ட இரவில், யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல், பிள்ளைகளை எழுப்பிக்கொண்டு போக அவர்களுக்கு ஓர் இடம் இருக்கும்.